நாலு விசை, இரண்டு நம்பிக்கை, ஒரே சமன்பாடு

இயற்பியல் தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: இயற்கையின் அடிப்படை விசைகள் யாவை? நாலு பெயரையும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. ஏன் இந்த நாலு? இவற்றுக்கு இந்த அளவு வலிமையை யார் வைத்தது? இல்லை, யாருமே வைக்கவில்லையா?

இதற்கு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ரெடிமேடாக ஒரு பதில் வரும். "நம்ம வேதத்துல அன்னைக்கே சொல்லிட்டாங்க." இது எந்த ஒரு மதத்துக்கும் தனிச் சொத்து இல்லை. இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் குழுக்கள் எல்லாவற்றிலும் இதே ஃபார்வர்டு வேறு வேறு வசனங்களோடு சுற்றுகிறது. ஹாஸ்டல் அறையில் இதற்கு நேர் எதிரான பதில் கிடைக்கும். "ஃபிசிக்ஸ் ஒழுங்கா படிச்சவன் சாமி கும்பிடவே மாட்டான்டா."

இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் என்பது என் கட்சி. ஒருவர் சமன்பாட்டிலிருந்து கடவுளை வரவழைக்கப் பார்க்கிறார். இன்னொருவர் அதே சமன்பாட்டை வைத்துக் கடவுளை விரட்டப் பார்க்கிறார். இது ஏன் வேலைக்கு ஆகாது என்பதற்கு இயற்பியல் வரலாற்றிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதற்கு முன் விசைகளை ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

நாலு பேர், நாலு குணம்

ஈர்ப்பு விசை நமக்குப் பழக்கமானது. மாம்பழத்தை விழவைப்பதும், பூமியைச் சூரியனைச் சுற்றவைப்பதும் இதுதான். ஆனால் நாலில் மிகவும் பலவீனமானதும் இதுவே. இரண்டு புரோட்டான்களைப் பக்கத்தில் வைத்தால், அவற்றுக்கு இடையே உள்ள மின்விலக்கம் ஈர்ப்பைவிட எத்தனை மடங்கு பெரியது தெரியுமா? 1 போட்டு அதன் பின்னால் 36 சைபர் போட்டால் வரும் எண், சுமாராக அவ்வளவு மடங்கு. குட்டிக் காந்தம் ஒன்று தரையில் கிடக்கும் குண்டூசியைத் தூக்குகிறது என்றால், மொத்தப் பூமியின் ஈர்ப்பையும் அது ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது மின்காந்த விசை. மோட்டார், மொபைல், ஒளி, வேதிவினை, நாம் நாற்காலிக்குள் புகுந்து விழாமல் மேலேயே உட்கார்ந்திருப்பது, எல்லாம் இதன் உபயம்.

மூன்றாவது வலிமையான அணுக்கரு விசை. ஒன்றையொன்று தள்ளும் புரோட்டான்களை அணுக்கருவுக்குள் பிடித்து வைத்திருப்பது இது. அணுக்கருவின் அளவைத் தாண்டினால் இதன் கை நீளாது.

நான்காவது வலிமை குறைந்த அணுக்கரு விசை. பீட்டா சிதைவுக்குக் காரணம் இது. பெயரைப் பார்த்து ஏதோ ஒப்புக்குச் சப்பாணி என்று நினைத்துவிட வேண்டாம். சூரியனில் ஹைட்ரஜன் எரிவதற்கான முதல் படியில், இரண்டு புரோட்டான்கள் சேரும்போது அதில் ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும். அந்த மாற்றத்தை இந்த விசையால் மட்டுமே செய்ய முடியும். விசை பலவீனமாக இருப்பதால் மாற்றம் மிக மிக அரிதாகத்தான் நடக்கிறது. அதனால்தான் சூரியன் ஒரேயடியாக வெடித்துத் தீராமல் சுமார் 460 கோடி ஆண்டுகளாக நிதானமாக எரிந்துகொண்டிருக்கிறது.

சேர்த்துப் பார்க்கும் ஆசை

இயற்பியலின் பெரிய வெற்றிகள் பலவும், வேறு வேறு என்று நினைத்தவை ஒன்றுதான் என்று காட்டியவை. மரத்திலிருந்து விழும் பழமும் வானத்தில் சுற்றும் நிலவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று 1687ல் நியூட்டன் காட்டினார். மின்சாரமும் காந்தமும் ஒரே விசையின் இரண்டு முகங்கள் என்பது ஃபாரடேயின் சோதனைகளிலும் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளிலும் தெளிவாயிற்று.

இந்த மூன்று பேருமே ஆழ்ந்த மத நம்பிக்கை உள்ளவர்கள். அதிலும் ஃபாரடே, சாண்டிமேனியன் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவில் மூப்பராகவே இருந்தவர். இயற்கையின் விசைகள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையோடு 1849ல் ஈர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டா என்று தேடினார். பொருள்களை உயரத்திலிருந்து விழவிட்டு, அதனால் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறதா என்று பார்த்தார். பிறக்கவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். அந்தத் தோல்வியை அப்படியே கட்டுரையாக எழுதி வெளியிட்டார். தொடர்பு இருக்கும் என்ற என் எண்ணம் மாறவில்லை, ஆனால் அதற்கு இந்தச் சோதனைகள் ஆதாரம் தரவில்லை என்ற பொருளில் முடித்தார். எண்ணம் ஒரு பக்கம், ஆதாரம் ஒரு பக்கம். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

ஜங் ஊர்ப் பையனும் நியூயார்க் பையன்களும்

இப்போது நம் கதையின் நாயகர்களுக்கு வருவோம். அப்துஸ் சலாம் 1926ல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஜங் என்ற ஊர்க் குடும்பத்தில் பிறந்தவர். அகமதியா பிரிவைச் சேர்ந்த பக்தியுள்ள முஸ்லிம். ஸ்டீவன் வைன்பெர்க், ஷெல்டன் கிளாஷோ இருவரும் நியூயார்க் யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இதில் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். பிரபஞ்சம் புரியப் புரிய அதில் ஒரு நோக்கமும் இல்லை என்றே தோன்றுகிறது என்ற கருத்தை 1977ல் வந்த தன் புத்தகத்தின் முடிவில் எழுதியவர்.

மின்காந்த விசையும் வலிமை குறைந்த விசையும் அடிப்படையில் ஒன்றுதான் என்ற கோட்பாட்டுக்காக இந்த மூவருக்கும் 1979ல் நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அடித்தளத்தைக் கிளாஷோ 1961ல் போட்டார். வைன்பெர்க் 1967லும் சலாம் 1968லும் தனித்தனியாக முழுமையான வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"ஒன்று எவ்வளவு தூரமும் எட்டுது, இன்னொன்று அணுக்கருவையே தாண்டல. ரெண்டும் எப்படிப்பா ஒன்னாகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதைப் புரிந்துகொள்ள ஓர் இரும்புத் துண்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் இரும்பு தன் காந்தத்தன்மையை இழந்துவிடும். உள்ளே இருக்கும் குட்டிக் குட்டி அணுக் காந்தங்கள் கண்டபடி எல்லாத் திசையிலும் திரும்பி நிற்கும். எந்தத் திசைக்கும் தனிச் சலுகை கிடையாது. ஆறவிட்டால், அக்கம்பக்கத்து அணுக்கள் சேர்ந்து ஏதோ ஒரு திசையைத் தேர்ந்தெடுத்து வரிசையாக நிற்கும். விதி மாறவில்லை, விதிக்கு இன்னமும் எல்லாத் திசையும் சமம்தான். ஆனால் குளிர்ந்த இரும்பில் அந்தச் சமம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கிறது.

பிரபஞ்சத்துக்கும் இதுபோல ஒன்று நடந்தது என்கிறது இந்தக் கோட்பாடு. பெருவெடிப்புக்குப் பின் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரம் வரை, இரண்டு விசைகளுக்கும் நடுவில் இன்று நாம் பார்க்கும் பிரிவினை இல்லை. சூடு தணிந்ததும் ஹிக்ஸ் புலம் என்ற ஒன்று வெளி முழுக்க நிலைபெற்றது. அதோடு உறவாடிய டபிள்யூ, இசட் துகள்களுக்கு நிறை வந்தது. போட்டானுக்கு வரவில்லை. நிறையில்லாத போட்டான் ஏந்தும் விசை எவ்வளவு தூரமும் போகிறது. கனமான துகள்கள் ஏந்தும் விசை பக்கத்திலேயே முடங்கிவிடுகிறது.

அழகான கதை. ஆனால் அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கோட்பாடு முன்கூட்டியே சொன்ன புதுவகை நியூட்ரினோ மோதலை 1973ல் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகம் கண்டது. டபிள்யூ, இசட் துகள்கள் 1983ல் அங்கேயே பிடிபட்டன. புரோட்டானைப்போல் சுமார் 86 மடங்கு, 97 மடங்கு நிறை. கணக்கு சொன்ன இடத்திலேயே இருந்தன. ஹிக்ஸ் துகள் 2012 ஜூலையில் அறிவிக்கப்பட்டது.

கோட்பாட்டுக்கு மதம் இருக்கிறதா?

சலாம் தன் நம்பிக்கையை மறைத்தவர் இல்லை. நோபல் விருந்தில் பேசும்போதே குர்ஆன் வசனங்களை எடுத்துச் சொன்னார். படைப்பில் குறையைத் தேடித் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் கண் வியந்து களைத்துத்தான் திரும்பும் என்பது அவற்றின் சாரம். விசைகளை ஒன்றாக்க வேண்டும் என்ற நாட்டம் தனக்குள் வந்ததில், தன் இஸ்லாமியப் பின்னணிக்கும் தன்னை அறியாமலே ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே இடத்தில் இன்னொன்றையும் அவரே சுட்டிக்காட்டுகிறார். தானும் வைன்பெர்க்கும் ஊராலும் கொள்கையாலும் வெகு தூரத்தில் இருந்தோம், இருந்தும் ஒரே கோட்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தோம் என்கிறார். அறிவியல் என்பது உலகுக்கெல்லாம் ஒன்றுதான், இஸ்லாமிய அறிவியல் என்றோ இந்து அறிவியல் என்றோ தனித்தனியாக ஒன்றும் கிடையாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இதை யோசித்துப் பாருங்கள். ஒருவர் படைத்தவனின் ஒருமையை மனதில் வைத்துத் தேடினார். இன்னொருவர் படைத்தவனே இல்லை என்று தேடினார். கடைசியில் இருவர் நோட்டிலும் இருந்தது ஒரே சமன்பாடு. அந்தச் சமன்பாட்டைப் பார்த்து, எழுதியவர் தொழுபவரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கோலார் சுரங்கத்தில் ஒரு பரீட்சை

"நம்பிக்கைதான் அவருக்கு வழி காட்டுச்சு, அதான் ஜெயிச்சாரு" என்று ஒருவர் வாதாடலாம். அவர் சலாமின் அடுத்த கணிப்பையும் பார்க்க வேண்டும். 1974ல் ஒடிசாவில் பிறந்த இயற்பியலாளர் ஜோகேஷ் பதியோடு சேர்ந்து, வலிமையான விசையையும் உள்ளே இழுக்கும் பெரிய ஒருங்கிணைப்பு ஒன்றை சலாம் முன்வைத்தார். அதே ஆண்டில் கிளாஷோவும் ஹோவர்டு ஜார்ஜையும் வேறொரு வழியில் அதையே முயன்றார்கள். இவற்றிலிருந்து ஒரு துணிச்சலான கணிப்பு வந்தது: புரோட்டான் என்றென்றைக்கும் நிலைத்திருக்காது, மிக மிக அரிதாகச் சிதையும்.

அதைத் தேடி முதலில் இறங்கியவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. பெருமளவில் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், டாடா ஆதார ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து 1980 வாக்கில் இரும்புத் தகடுகளால் ஆன ஓர் உணர்கருவியை இயக்கினார்கள். அவ்வளவு ஆழம் எதற்கு? வானத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலைப் பாறை வடிகட்ட வேண்டும் என்பதற்காக. சில நிகழ்வுகள் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று அந்தக் குழு அறிவித்தது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வைத்த பெரிய கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை.

இன்று ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே 50,000 டன் தண்ணீரோடு காத்திருக்கிறது. ஒரு புரோட்டான்கூடச் சிதைந்ததாக உறுதியாகவில்லை. முக்கியமான சிதைவு வழிகளுக்கு, சராசரி ஆயுள் 1 போட்டு 34 சைபர் போட்ட ஆண்டுகளைவிட அதிகம் என்ற எல்லை வந்திருக்கிறது. ஒருங்கிணைப்புக் கோட்பாடுகளில் மிக எளிமையான வடிவம் இதனால் அடிபட்டுப்போனது.

அதே சலாம், அதே நம்பிக்கை, அதே ஒருமைத் தேடல். ஒரு கணிப்பு பாஸ், இன்னொன்று இதுவரை அரியர். முதல் வெற்றி இஸ்லாத்துக்கு நிரூபணம் என்றால், இரண்டாவது அதற்கு மறுப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும். இரண்டுமே அபத்தம். நம்பிக்கை ஒருவருக்குக் கேள்வியைத் தரலாம், பல வருஷம் சோர்ந்துபோகாத தெம்பைத் தரலாம். மார்க் போடுவது உணர்கருவிதான்.

இடைவெளியில் கடவுளை வைத்தால்

மதத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் இந்தக் கலப்படம் ஆபத்தானது. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சூரியக் குடும்பத்தின் ஒழுங்கு மெல்லக் கெடும், கடவுள் அவ்வப்போது கைகொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் நியூட்டனுக்கு இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் லாப்லாஸ் வந்தார். வியாழன், சனி கோள்களின் ஓட்டத்தில் தெரிந்த பெரிய கோளாறு, சுமார் 900 ஆண்டுகளுக்கு ஒருமுறை தானாகவே திரும்பிவரும் ஊசலாட்டம்தான் என்று ஈர்ப்பு விதியை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினார். கடவுளுக்கென்று ஒதுக்கிவைத்த வேலை அதோடு போயிற்று. நமக்குத் தெரியாத இடத்தில் கடவுளை உட்காரவைத்தால், தெரியவரும் ஒவ்வொரு முறையும் அவரை எழுப்பிவிட வேண்டியிருக்கும்.

இதை நன்றாக உணர்ந்தவர் ஜார்ஜ் லெமைத்தர். பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931ல் சொன்னவர், அதாவது பெருவெடிப்புக் கருத்தின் தந்தை. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், ஒளி தோன்றுக என்ற ஆதி ஆணைக்கு இன்றைய அறிவியல் சாட்சி சொல்வதுபோல ஓர் உரை நிகழ்த்தினார். பாதிரியாருக்கு இதைக் கேட்டுச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் அல்லவா? மாறாக அவருக்குச் சங்கடம்தான் வந்தது. அப்போது அவருடைய கோட்பாடே போட்டியில் இருந்தது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற எதிர்க் கோட்பாடும் வலுவாக இருந்தது. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, நாத்திகருக்கும் அதில் முழுச் சுதந்திரம் உண்டு என்பதே அவர் நிலைப்பாடு. அடுத்த ஆண்டு வானியலாளர்களிடம் பேசிய போப் அந்த ஒப்பீட்டைத் திரும்பச் சொல்லவில்லை.

அப்போ அந்த எண்கள்?

இந்த இடத்தில் நம்பிக்கையாளர் தரப்பின் பலமான வாதத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வலிமையான விசை கொஞ்சம் குறைந்திருந்தால், ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்டிரானே ஒட்டி நின்றிருக்காது. சூரியன் எரியும் வழி அடைபட்டிருக்கும். விசைகளின் அளவுகள் உயிருக்கு இடம்கொடுக்கும்படி அமைந்திருக்கின்றன. இது தற்செயலா?

வடிவமைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது ஒரு பதில். எண்ணற்ற பிரபஞ்சங்கள் உண்டு, உயிர் வாழ முடிகிற ஒன்றில்தானே கேள்வி கேட்க ஆள் இருக்கும் என்பது இன்னொரு பதில். அந்த எண்களை எல்லாம் நிர்ணயிக்கும் ஆழமான விதி இனிமேல் கண்டுபிடிக்கப்படும் என்பது மூன்றாவது. இந்த மூன்றில் எதையும் கோலாரில் செய்ததுபோல ஒரு கருவியை வைத்து இன்றுவரை சோதிக்க முடியவில்லை. எனவே இதைத் தத்துவமாகப் பேசுவோம், விடிய விடியப் பேசுவோம். ஆனால் 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்ற முத்திரையை எந்தப் பக்கமும் குத்தக்கூடாது.

செர்ன் வளாகத்தில் 2004 முதல் ஒரு நடராஜர் சிலை நிற்கிறது. சுமார் இரண்டு மீட்டர் உயரம், இந்தியா தந்த பரிசு. "பார்த்தீங்களா, தில்லை ரகசியத்தை அவனே ஒத்துக்கிட்டான்" என்று ஃபார்வர்டு வரும். துகள்களின் ஓயாத ஆக்கத்தையும் அழிவையும் கூத்தனின் ஆட்டத்தோடு வைத்துப் பார்ப்பது ஓர் அருமையான உவமை. பார்க்கும் மனதை அது விரிக்கிறது. ஆனால் சிவனின் ஐந்தொழிலில் இசட் துகளின் நிறை எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சோழர் காலச் சிற்பி செம்பை வார்த்தது அதற்காக இல்லை.

அடுத்த முறை அப்படி ஒரு ஃபார்வர்டு வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த வசனம், கண்டுபிடிப்புக்கு முன்பே யாருக்காவது ஓர் எண்ணைச் சொல்லி, சோதனை செய்ய வைத்ததா? நாளைக்கு அந்தக் கோட்பாடு மாறினால் அனுப்பியவர் தன் நம்பிக்கையையும் மாற்றிக்கொள்வாரா? வேறு மதத்துக்காரர் இதே மாதிரி ஒன்றை அனுப்பினால் இவர் ஏற்பாரா? பெரியப்பாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவருடைய பக்திக்கு இயற்பியலின் சான்றிதழ் தேவையே இல்லை என்பதை மட்டும் மரியாதையாகச் சொன்னால் போதும். ஹாஸ்டல் நண்பனுக்கும் இதே பதில்தான். அவனுடைய நாத்திகத்துக்கும் இயற்பியல் கையெழுத்துப் போடவில்லை.

சலாமின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1974ல் பாகிஸ்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி அகமதியாக்கள் முஸ்லிம்களே இல்லை என்று அறிவித்தது. அவர் அதை எதிர்த்து அரசு ஆலோசகர் பதவியை விட்டார். 1996ல் இறந்து சொந்த நாட்டில் அடக்கமானார். நோபல் பெற்ற முதல் முஸ்லிம் என்று பொருள்படக் கல்லறையில் பொறித்திருந்த வரியில், முஸ்லிம் என்ற சொல் மட்டும் பிறகு அழிக்கப்பட்டது. அவர் யாரென்று அவருடைய மார்க்கத்தை வைத்து முடிவுகட்டியவர்கள் ஒரு சொல்லை அழித்தார்கள். அவர் எழுதிய சமன்பாட்டில் அழிக்க அப்படி ஒரு சொல்லே இல்லை. இன்றும் செர்னில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் மதமே இல்லாத பிள்ளைகளும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.